"அங்கே கிராணி யாரும் இல்லையா?"

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்கான முன்பணம் எல்லாம் அந்த மாதத்தில்தான் வந்து சேரும். மணவறை அலங்காரத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். அந்த ஆடியின் கடைசி வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பசியாறிவிட்டுக் கைப்பேசியைத் திறந்தேன். என் கடையின் பக்கத்தைக் காணவில்லை. ஒன்பது ஆண்டுகளாக நடத்திய வணிகக் கணக்கு அது. பிறருடைய பதிப்புரிமையை நான் மீண்டும் மீண்டும் மீறியதால் கணக்கு முடக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்திருந்தது. அவ்வளவுதான்.

அந்தத் தளத்தின் பெயரையும் என்மேல் புகார் கொடுத்தவரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. பெயரைச் சொல்லாமலே சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன.

நடந்தது இதுதான். ஆனி மாதத்தில், வேறோர் ஊரில் இதே தொழிலைச் செய்யும் ஒருவர் நான் அமைத்த மூன்று மணவறைகளின் படங்களை எடுத்துத் தன்னுடைய வேலை என்று போட்டிருந்தார். கீழ் மூலையில் இருந்த என் கடைப் பெயரை வெட்டிவிட்டார். ஆனால் படத்தில் இருக்கும் நிறைகுடத்தை எனக்குத் தெரியாதா? என் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைக் குடம் அது. கழுத்துப் பக்கம் ஒரு நசுங்கல் இருக்கும். மரியாதையாகத்தான் எழுதினேன்: "அண்ணா, இவை என் படங்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்." பதில் வரவில்லை. சில நாட்களில் அதே மூன்று படங்களுக்காக என்மேல் மூன்று புகார்கள் பதிவாகியிருந்தன. அவற்றின் சொந்தக்காரர் தாம்தான் என்று அவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். தளம் நம்பிவிட்டது.

மறுப்புத் தெரிவிக்கவும் ஒரு படிவம் இருந்தது. புகைப்படக்காரர் கொடுத்த ரசீது, கேமராவிலிருந்து எடுத்த மூலக் கோப்புகள், மூன்று மணமக்களும் கையெழுத்திட்டுத் தந்த கடிதங்கள் என்று பதினொரு இணைப்புகளைச் சேர்த்து அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "பரிசீலித்துவிட்டோம், முடிவில் மாற்றமில்லை" என்று பதில் வந்தது. பதினொரு இணைப்புகளை ஒரு நிமிடத்தில் எந்த மனிதர் திறந்து பார்த்திருப்பார்? யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் தோட்டங்களில் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். நான் அழுவதைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: "அங்கே கிராணி யாரும் இல்லையா, போய்ச் சொல்வதற்கு?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. தோட்டத்தில் சம்பளம் குறைந்தால் அலுவலகக் கணக்கரான கிராணியிடம் போவார்கள். கிராணி கேட்காவிட்டால் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா வாசலில் நிற்பார்கள். துரையும் கேட்காவிட்டால் சங்கம் இருந்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் உருவானது. அதன் பிரதிநிதி ஒருவர் வந்து பேசுவார். நியாயம் எப்போதும் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. கிடைக்காமல் போன கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனாலும் கோபத்தோடு போய் நிற்பதற்கு ஒரு வாசல் இருந்தது. எனக்கு அந்த வாசல்கூட இல்லை. தொலைபேசி எண் இல்லை, அலுவலகம் இல்லை, கடிதத்தின் அடியில் ஒரு பெயர்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணைய மோசடி நம் நாட்டில் எவ்வளவு மலிந்துவிட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு கடையின் பக்கம் திடீரென்று மறைந்துபோனால், "பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள்" என்றுதான் மக்கள் முதலில் நினைப்பார்கள். 800 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கட்டியிருந்த ஒரு பெண்ணின் தாயார், மகனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறிக் கோலகங்சாரிலிருந்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். புறப்படும் முன் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் என் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தாராம். அவரே சொன்னார்; சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் என் சொந்த வீட்டு வாசற்படியில் நின்று, நான் ஏமாற்றுக்காரி இல்லை என்று இன்னொரு தாய்க்கு விளக்கிய அந்தப் பத்து நிமிடம் இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அவராவது வந்தார். வராமலே என்னைப் பற்றி முடிவு செய்துகொண்டவர்கள் எத்தனை பேரோ!

அன்றிரவு மகளோடு உட்கார்ந்து அந்தத் தளத்தின் விதிமுறைகளை முழுவதும் படித்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வரிகூடப் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியவள் நான். பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் பதிவேற்றும் படைப்பு உங்களுக்கே சொந்தம். ஆனால் உலகம் முழுவதும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும், நகலெடுக்கவும், மாற்றியமைக்கவும், அந்த அனுமதியைப் பிறருக்குக் கைமாற்றவும் தளத்துக்கு இசைவு தருகிறீர்கள். இன்னும் கீழே போனால், விதி மீறப்பட்டதாகத் தளம் கருதினால் கணக்கை முடக்கலாம் என்று இருக்கிறது.

"படம் உங்களுக்குத்தான் சொந்தம் என்று எழுதியிருக்கிறது அம்மா" என்று மகள் மகிழ்ந்து சொன்னாள். படம் எனக்குச் சொந்தம் என்பது சட்டப்படியும் சரிதான். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து ஒரு படைப்பைச் செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அதன் பதிப்புரிமை செய்யச் சொன்னவருக்கே போய்ச் சேரும். புகைப்படக்காரருக்கு நான் 350 வெள்ளி கொடுத்த ரசீது கையில் இருக்கிறது. அதே சட்டத்தில் 2012 முதல் இணையப் புகார்களுக்கும் வழி இருக்கிறது. அறிவிப்பு கிடைத்தால் சேவை நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் படைப்பை நீக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மறுப்பு அறிவிப்பு கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் அதன் பிறகும் நீதிமன்றம் போகாவிட்டால் படைப்பைத் திரும்ப வைக்க வேண்டும். பொய்யான அறிவிப்பு கொடுப்பது குற்றம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் காப்பது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக. என் பக்கத்தை, அதன் பெயரை, அதைத் தேடி வந்தவர்களை அது காப்பதில்லை. படத்துக்கு நான் சொந்தக்காரி; படம் மாட்டியிருந்த சுவருக்கு ஒன்றுமில்லாதவள். வணிகங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் அலுவலகத்தில் ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டிப் புதுப்பிக்கும் என் கடைப் பெயரும் இங்கே எனக்குத் துணைக்கு வரவில்லை. (சிறு வணிகர்கள் பலர் அந்தப் பதிவே பெயருக்குக் காப்பு என்று நம்புகிறார்கள். அப்படி இல்லை. பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்க வேண்டுமானால் வணிகச் சின்னமாகத் தனியே பதிய வேண்டும். நானும் இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.)

படங்களில் பாதிக்கு மேல் என்னிடம் வன்தட்டில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் அதிகம் வருந்தவில்லை. திரும்பக் கிடைக்காதவை வேறு.

2018-இல் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் எளிமையாக ஒரு மணவறை போட்டேன். தென்னங்குருத்துத் தோரணம், வாழை, மாவிலை, சாமந்தி தவிர வேறொன்றும் கிடையாது. அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் எல்லாம் பிரிந்து போய்விட்டன. கோயில் மட்டும் மிஞ்சியிருந்தது. படத்தைப் போட்டதும் எங்கெங்கோ இருந்தவர்கள் அதன் கீழே எழுதத் தொடங்கினார்கள். கிள்ளானிலிருந்து ஒருவர், ஜொகூரிலிருந்து ஒருவர். "இந்தத் தூணில்தான் எங்கள் அப்பா உருமி சாய்த்து வைப்பார்." "என் தாலி இந்த மண்டபத்தில்தான் ஏறியது, அப்போது கூரை அத்தாப்பு." காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எங்கே இருந்தது, பால் கொட்டகை எந்தப் பக்கம் என்று இரண்டு முதியவர்கள் நாள்கணக்கில் வாதாடினார்கள். அவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை.

அந்த வார்த்தைகள் யாருக்குச் சொந்தம்? எனக்கு இல்லை, நிச்சயமாக. எழுதியவர்களுக்குச் சொந்தம். ஆனால் என் கணக்கு முடக்கப்பட்டதும் அவர்கள் எழுதியதும் சேர்ந்து மறைந்துவிட்டது. எந்தக் குற்றமும் செய்யாத, எந்தப் புகாருக்கும் ஆளாகாத மனிதர்களின் நினைவுகள் அவை. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் இழப்பைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது.

இது புதிதாக நடப்பதும் இல்லை. ஃபிரெண்ட்ஸ்டர் நினைவிருக்கிறதா? நம் வயதுக்காரர்கள் மலேசியாவில் முதலில் கூடியது அங்கேதான். 2009-இல் ஒரு மலேசிய நிறுவனமே அதை வாங்கியது. 2011 மே மாத இறுதியில் பயனர்களின் படங்களும் பதிவுகளும் நீக்கப்பட்டு, அது விளையாட்டுத் தளமாக மாறியது. முன்கூட்டியே அறிவித்தார்கள், எடுத்துக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. உங்கள் தகவல்களைப் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று பல தளங்கள் ஒரு வசதி வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அதைப் பயன்படுத்தக் கணக்குக்குள் நுழைய முடிய வேண்டும். வீட்டைப் பூட்டிய பிறகு உள்ளே இருக்கும் பெட்டியை எப்படி எடுப்பது? இதைப் படிக்கும் வணிகர்கள் இன்றே, இப்போதே அந்த நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் பிறந்தவர், மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி.சம்பந்தன். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் மூட்டை முடிச்சோடு வெளியேற வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் 1960-இல் அவருடைய முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். உழைப்பவனுக்கு நிலமும் வேண்டும் என்பதை எங்கள் பெற்றோர் படிக்காமலே புரிந்துகொண்டிருந்தார்கள். என் அம்மா ஓய்வு பெற்ற மாதமே தோட்டத்து வீட்டைக் காலி செய்தார். கொல்லையில் அவர் வைத்த பலாமரம் அந்த ஆண்டுதான் முதல் காய்ப்பு. அதைப் பார்த்து வளர்ந்த நானும், என் தொழில் முழுவதையும் அடுத்தவர் நிலத்தில் நட்டுவிட்டேன்.

இப்போது 'டாட் மை' என்று முடியும் ஓர் இணைய முகவரியை என் பெயரில் பதிந்திருக்கிறேன். அதற்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு, முழுச் சொந்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் ஏறியிருக்கின்றன. புகைப்படக்காரர்களோடு பதிப்புரிமை யாருக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். புதிதாகத் திறந்த கணக்கும் இருக்கிறது. ஆனால் அது கடைக்கு வழிகாட்டும் பலகை மட்டும்தான், கடை அங்கே இல்லை.

தனி மனிதர்கள் கவனமாக இருந்தால் போதும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லாதீர்கள். நான் கவனமாகத்தான் இருந்தேன். ரசீது வைத்திருந்தேன், மூலக் கோப்பு வைத்திருந்தேன். அவற்றைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடப்பில் இருக்கிறது. அங்கே ஒரு கணக்கை முடக்கினால் என்ன காரணம் என்று தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய தளங்கள் மேல்முறையீட்டை இலவசமாக ஏற்க வேண்டும். அதை இயந்திரம் மட்டுமே முடிவு செய்யக் கூடாது. அதிலும் திருப்தி இல்லையென்றால் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு சமரச அமைப்பை நாடலாம். அதே நிறுவனங்கள்தான் இங்கேயும் தொழில் செய்கின்றன. அங்கே பதில் சொல்ல ஆள் வைக்க முடிகிறவர்களால் இங்கே ஏன் முடியாது?

80 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்கள் உள்ள சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 அன்று நம் நாட்டில் நடப்புக்கு வந்தது. குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் மோசடியைத் தடுக்கவும் கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். நான் மனதார வரவேற்கிறேன். அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் இந்த மூன்றும் இடம்பெற வேண்டும்: முடக்கினால் காரணம் சொல்ல வேண்டும், மறுப்பை ஒரு மனிதர் படிக்க வேண்டும், முடிவு எதுவானாலும் எங்கள் படைப்புகளை எடுத்துக்கொள்ள முப்பது நாளாவது கதவைத் திறந்து வைக்க வேண்டும். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் இதைக் கடிதமாக அனுப்பிவிட்டேன். என்னைப் போலவே கணக்கை இழந்தவர்கள், மலாய்க்காரரானாலும் சீனரானாலும் தமிழரானாலும், என்னோடு கையெழுத்திட வாருங்கள். கடிதத்தின் மலாய் வடிவமும் என்னிடம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் அமைத்த மணவறையில் அமர்ந்தவர்கள், உங்களிடம் படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். யார் எடுத்த படம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்; அவர் பெயரோடுதான் போடுவேன். அந்தத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தைப் பற்றி எழுதியவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அன்று எழுதியதை நினைவில் இருக்கும் அளவுக்கு மறுபடியும் எழுதித் தாருங்கள். பால் கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சேர்த்து.