வண்டியில் மாட்டியதை பாலிசியிலும் ஏற்றுங்கள்

கார் டெலிவரி எடுத்த கையோடு ஆக்சஸரீஸ் கடைக்குப் போகிறவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அலாய் வீல், டச் ஸ்கிரீன், ஆம்ப்ளிஃபயர், ஃபாக் லேம்ப் எல்லாம் அவரவர் ஆசை, அவரவர் காசு. என் கோபமெல்லாம் அதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விடுவதில்தான். அதிலும், "அதெல்லாம் எதுக்கு சார் சொல்லிக்கிட்டு, பிரீமியம் ஏறிடும்" என்று சொல்லிக்கொடுக்கிற ஏஜெண்டுகள் மேல் இன்னும் அதிகக் கோபம்.

சரி, எவ்வளவு ஏறும்? உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஐடிவி, அதாவது வண்டி மொத்தமாகப் போனால் கம்பெனி கொடுக்கிற தொகை, என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வண்டிக்கு ஒரு தொகை, பக்கத்திலேயே எலக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ், நான்-எலக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ், சிஎன்ஜி/எல்பிஜி கிட் என்று தனித்தனிக் கட்டங்கள். எனக்குத் தெரிந்தவர்கள் காட்டிய பாலிசிகளில் வண்டியைத் தவிர மற்றதெல்லாம் பூஜ்யம்தான், ஆனால் கீழே நிற்கிற காரில் டிக்கி முழுக்க சப்வூஃபர். ஐடிவி என்பது தயாரிப்பாளரின் விலைப்பட்டியலில் இருக்கிற விலையில் தேய்மானத்தைக் கழித்து வருகிற தொகை, நீங்கள் வெளியில் வாங்கி மாட்டிய எதுவும் அதற்குள் தானாக வந்துவிடாது. எலக்ட்ரிக்கல் பொருள்களுக்கு 2002-ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃபில் (எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக இருந்த கட்டணப் பட்டியல்) வைத்த விகிதம் அவற்றின் மதிப்பில் 4 சதவீதம். இப்போது கம்பெனிகள் தாங்களே விகிதத்தை வைத்துக்கொள்ளலாம், அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தால் 40,000 ரூபாய் மியூசிக் சிஸ்டத்துக்கு வருஷத்துக்கு 1,600 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான்.

திருடன் அந்த சிஸ்டத்தைக் கழற்றிக்கொண்டு போனால் அந்த 40,000 மட்டும் போகும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது தீ. என் நண்பர் ஒருவரின் காரில் பானெட்டுக்குள் தீப்பிடித்தது. சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தபோது நானும் கூட இருந்தேன். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை, நேராக ஹெட்லைட் பக்கம் குனிந்தார். காரோடு வந்த ஒரிஜினல் வயரின் தோலைச் சீவி, அதில் இன்னொரு வயரைச் சுற்றி, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது பாதி உருகிய நிலையிலும் தெரிந்தது. கூடுதல் வாட் பல்புக்குத் தனி ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் வந்த கடிதத்தில் 'தெரிவிக்கப்படாத மின் மாற்றம்' என்று காரணம் போட்டு முழு கிளெயிமையும் மறுத்திருந்தார்கள். லைட் மாட்டிக்கொடுத்த கடைக்காரர் யார், பில் போட்டாரா, எதுவும் இப்போது பேச்சிலேயே இல்லை. இஎம்ஐ மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது, வழக்கும் நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டால் மட்டும் எல்லாமே சரியாகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் அமைப்போடு ஒத்துப்போகாத அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டுகிற அந்தப் பெரிய இரும்புக் கம்பி, புல் பார், அது கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாகிவிட்டது. இன்றைக்கும் சென்னையில் கார் ஆக்சஸரீஸ் விற்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடங்களில் போய் நின்றால், எது ஆர்டிஓ வரை போக வேண்டியது, எது கூடவே கூடாது என்று விற்கிறவர்கள் தாங்களாகச் சொல்வது அபூர்வம். சிஎன்ஜி கிட் வெளியில் மாட்டினால் அங்கீகரித்த கிட்டாக இருக்க வேண்டும், ஆர்சியில் ஏற வேண்டும், அதன் பிறகு பாலிசியில் ஏற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் கிளெயிம் நேரத்தில் சிக்கல்தான்.

அதற்காகக் கம்பெனிகள் செய்வதெல்லாம் நியாயம் என்று சொல்ல மாட்டேன். சிக்னலில் நிற்கிற காரைப் பின்னால் லாரி வந்து இடித்தால், டாஷ்போர்டில் இருக்கிற டச் ஸ்கிரீனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? விபத்துக்குக் காரணமே இல்லாத மாற்றத்தைக் காட்டி முழுப் பணத்தையும் மறுப்பது அநியாயம். பாலிசி நிபந்தனை மீறப்பட்ட ஒரு வழக்கில், 2010-இல் (அது வாடகைக்கு ஓட்டிய வண்டி, மாடிஃபிகேஷன் இல்லை) மொத்தமாக மறுக்காமல் 75 சதவீதம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஏஜெண்டுகள் சொல்லாமல் விடுகிற இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் காலால் மிதிக்க வேண்டிய பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்குகிற மாதிரி காரை மாற்றிக்கொள்கிறார்கள். இது அனுமதிக்கப்பட்ட மாற்றம். ஆர்டிஓவில் காட்டி ஆர்சியில் பதிந்துவிட்டால், அதே பழைய டாரிஃபின்படி சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. எத்தனை பேருக்கு இது தெரியும்? பிரீமியம் ஏறிவிடும் என்று பயந்து வாயே திறக்காமல் இருக்கிறவர்களில், சொன்னாலே சொந்த சேதத்துக்கான பிரீமியம் பாதியாகக் குறைந்திருக்கக்கூடிய இவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி யாராவது கார் ஓட்டினால், ரினியூவலுக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள், ஆர்சியில் பதிவு இருக்கிறதா என்று கூட இருந்து பார்த்துக்கொடுங்கள்.

மற்றவர்கள் கடைப் பில்லை ஸ்கேன் செய்து கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள், போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. ரினியூவல் வரை காத்திருக்கவும் வேண்டாம், நடுவிலேயே எண்டார்ஸ்மெண்ட் போட்டு பாலிசியில் மாற்றத்தைச் சேர்க்கலாம். திருத்திய பாலிசி ஷெட்யூல் வந்ததும் ஆக்சஸரீஸ் கட்டத்தில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.