பாலத்துல காத்து

(காலை 10 மணி தாண்டியாச்சு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ். பாம்பனில் ஏறிய பெரியவர், ஜன்னலோரத் தம்பிக்குப் பக்கத்தில் உட்காருகிறார். மடியில் மல்லிகைப் பதியன் கட்டு, கையில் மஞ்சப்பை. தம்பி போனில்.)

தம்பி: சார், ரயில் பாலத்துக்கிட்ட நிக்குது சார். ஆமா, காத்துதான். சிக்னல் விழ மாட்டேங்குது. அந்தச் சத்தமா? ரயில் ஹாரன் சார். டிரைவர் கடுப்புல அடிக்கிறாரு. (வைக்கிறார்.)

பெரியவர்: ஏந்தம்பி, இது ரயிலா? நான் பஸ்ஸுன்னு நெனச்சுல்ல ஏறிட்டேன்.

தம்பி: ஆபீஸ்ல சும்மா ஒரு இதுக்குச் சொன்னது ஐயா.

பெரியவர்: சொல்லு, சொல்லு. பழைய ரயில் பாலத்துல அப்பல்லாம் காத்து மணிக்கு 58 கிலோமீட்டரத் தாண்டுனா சிக்னலு தானாச் செகப்பாகிரும். நம்ம ஊருக்காரனுக்குன்னு கடல் குடுத்த லீவு.

தம்பி: (உற்சாகமாக) கரெக்டாச் சொன்னீங்க! எங்க ஆபீசரு வெளியூரு, கடலே தெரியாது. ஆடியில கச்சான் காத்து, கார்த்திகையில வாடைக் காத்து, நடுவுல கப்பலுக்காகப் பாலத்தத் தூக்கிட்டான்னு ஒண்ணு. வருசம் பூரா ஓட்டிரலாம்.

பெரியவர்: தை மாசம் கடல் அமந்துருமே?

தம்பி: தை அமாவாசைக் கூட்டம்!

பெரியவர்: அடேயப்பா. எந்த ஆபீஸு?

தம்பி: ராமநாதபுரத்துல... நெலம் சம்பந்தமா. நீங்க பதியன் குடுக்கப் போறீங்களா?

பெரியவர்: இது வழியில உச்சிப்புளில எறக்கணும். அப்புறம் ஒரு ஆபீஸு. எங்க எடத்து அளவத் தப்பா எழுதிட்டாய்ங்க. திருத்தச் சொல்லி 2023ல மனு குடுத்தேன். எப்பப் போனாலும், "கையெழுத்துப் போடுறவரு வரல, அவரு ரயிலு பாலத்துல காத்துக்கு நிக்குது"ங்கிறாய்ங்க.

தம்பி: (ஜன்னல் பக்கம் திரும்பி) பாவம். இயற்கைய என்ன பண்றது?

பெரியவர்: நானும் அப்படித்தான் மனசத் தேத்திக்கிட்டேன். ஒருநாள் டீக்கடையில உக்காந்திருக்கும்போது கணக்கு ஒதைச்சுச்சு. பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் ஓட்டம் நின்னு போச்சு. புதுப்பாலம் தொறந்தது 2025 ஏப்ரல்ல. நடுவுல தீவுக்குள்ள ரயிலே கெடையாது. இல்லாத ரயிலு எந்தக் காத்துக்குத் தம்பி நின்னுச்சு?

தம்பி: அது... சரக்கு ரயிலா இருக்கும்.

பெரியவர்: நீ சரக்கு ரயில்லயா வேலைக்குப் போன?

தம்பி: அது நான்னு யாரு சொன்னா?

பெரியவர்: நான் சொல்லலையே.

(பஸ் ரோட்டுப் பாலத்தில் ஏறியதும் நின்றுவிடுகிறது. முன்னால் ஒரு டூரிஸ்ட் கார். குடும்பமே இறங்கி செல்ஃபி எடுக்கிறது. அடிக்கடி நடக்கிற ஒரே உண்மையான காரணம் இதுதான். ஆனால் இதைச் சொன்னால் எந்த ஆபீசரும் நம்பமாட்டார்.)

தம்பி: ஐயோ, இப்ப நெசமாவே லேட்டு!

பெரியவர்: நல்லதாப் போச்சு. (மஞ்சப்பையிலிருந்து காகிதத்தை எடுக்கிறார்.) பேனா வச்சிருக்கியா, நான் தரட்டா?

தம்பி: இங்கயா? காத்துல பறந்துரும் ஐயா!

பெரியவர்: பறக்காது. பதியனத் தூக்கி மேல வச்சிட்டேன் பாரு.

தம்பி: படிச்சுப் பாக்காம எப்படிப் போடுறது?

பெரியவர்: தாராளமாப் படி. சர்வேயர் அளந்து எழுதுனது அடியில இருக்கு. அவசரமே இல்ல, கார்க்காரன் இன்னும் மாமியார நிக்க வைக்கல.

(படிக்கிறார். தேடுகிறார். ஒரு பிழையும் அகப்படவில்லை.)

தம்பி: கையெழுத்து மட்டும் போட்டா செல்லாதே ஐயா. சீலு ஆபீஸ்ல இருக்கு.

பெரியவர்: சீலெல்லாம் போன மாசமே குத்தியாச்சு. அந்தப் பொண்ணு தொண்டியில இருந்து வருது. அங்கிட்டு ரயிலே கெடையாதுல்ல.