அரை மணி நேரம் காக்க வைத்தார்களாம்

ஞாயிற்றுக்கிழமைக் கதை எல்லோருக்கும் தெரியும், மறுபடி எழுதப் போவதில்லை. காற்றடைத்த மெத்தையோடு கடலுக்குள் இழுபட்டுப் போன அண்ணர், மீட்புப் படகில் உயிரோடு கரைக்கு வந்த அன்றிரவே எழுதுகிறார்: "அரை மணி நேரம் காக்க வைத்தார்கள். நாங்கள் கட்டும் வரிப்பணம் எங்கே போகிறது?" அதற்கு ஆளாளுக்கு விருப்பக்குறி வேறு!

அண்ணை, உங்கள் வரிப்பணத்தில் அந்தப் படகு ஓடவில்லை. பிரிட்டனில் கடல் மீட்புப் படகுகளை ஓட்டும் ஆர்.என்.எல்.ஐ. அரசாங்கத் துறை அல்ல. 1824இல் தொடங்கிய தொண்டு நிறுவனம். படகில் வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். அந்த அரை மணியில் முதல் பத்து நிமிடம் நம்மவர்கள் அவசர உதவி எண்ணான 999ஐ அழைக்காமல் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன்.

போன மாரியில் எங்கள் வீட்டுக் குழாயைத் திருத்த ஒருவர் வந்தார். டார்ச்சை வாயில் கடித்தபடி தொட்டிக்கடியில் படுத்திருந்தவரின் இடுப்பில், மீட்புப் படகுத் தொண்டர்களை அழைக்கும் பேஜர் கத்தியது. எழுந்து ஓடிவிட்டார். ஸ்பானர் தரையில், வாசற்கதவு திறந்தபடி. தண்ணீரில்லாமல் உலையை வைத்துக்கொண்டு அவரைத் திட்டினேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். இரவு ஏழு மணிக்கு ஈரத் தலையோடு திரும்பி வந்து வேலையை முடித்தார். தேநீர்க் கோப்பை அவர் கையில் நடுங்கியது. "குளிர்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய அரைநாள் கூலியை உங்கள் வரியா கொடுத்தது?

"அவர்களிடம் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறதே, சிலருக்குச் சம்பளமும் உண்டே" என்பீர்கள். உண்டு. அதனால்? "கடற்கரையில் பிறந்தவனுக்குக் கடலைச் சொல்லித் தருகிறாயா" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நானும் பருத்தித்துறைதான், ஐயா. தெற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும்போது எங்கள் வடகடல் குளம் மாதிரிச் சாதுவாகத்தான் கிடக்கும். ஆனால் தரையிலிருந்து வீசும் அந்தக் காற்று மிதப்பதை எல்லாம் வெளியே தள்ளிக்கொண்டு போகும். இது தெரிந்த வாயா வரிப்பணம் பேசுகிறது?

2016 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கேம்பர் கடற்கரையில் நம் தமிழ்ப் பிள்ளைகள் 5 பேர் கடலில் மூழ்கிப் போனார்கள். அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை. அழுதோமே, மறந்துவிட்டதா? அதற்குப் பக்கத்துக் கிராமம்தான் ரை ஹார்பர். 1928 நவம்பர் 15ஆம் தேதி அங்கிருந்து புயலில் மீட்புப் படகெடுத்துப் போன 17 பேரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. அவர்கள் தேடிப் போன கப்பலின் ஆட்களை வேறொரு கப்பல் அதற்குள் ஏற்றிவிட்டிருந்தது. திரும்பி வரச் சொல்லிக் கரையிலிருந்து விட்ட வெளிச்சம் படகுக்குத் தெரியவில்லை. அந்த வீடுகளில் யாரும் வரிப்பணம் எங்கே என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்று கரையேறிய பிறகு மீன் கடையில் சாப்பிட்டோமே, அண்ணை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் படகு வடிவத்தில் ஆர்.என்.எல்.ஐ. உண்டியல் ஒன்று இருந்தது. மிச்சச் சில்லறையை எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டீர்கள்.