காத்து ஃப்ரீயா போகுதாம்!

கல் உடைக்கிற கிரஷர் ரோட்டில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவனுக்கு "இந்த ஏர் ஃபில்டர்ல காத்து ஃப்ரீயா போகும்ணா" என்று சொல்லி ஒன்றை விற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்? போகும் சாமி, போகும். கொசுவலையைக் கிழித்துவிட்டாலும்தான் காத்து ஃப்ரீயாகப் போகும்.

நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மச்சினன் வண்டியைக் கொண்டுபோய் ஒரு ஃபில்டர் கடையில் விட்டிருக்கிறான். வண்டியோடு வந்த ஏர் கிளீனர் டப்பாவை முழுசாகக் கழற்றிக் கடாசிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கூம்பைச் சொருகியிருக்கிறார்கள். சிவப்பு எண்ணெய் தடவிய பருத்தி வலை, மேலே பளபளவென்று ஒரு மூடி. கழுவிக் கழுவிப் போடலாமாம், ஆயுசுக்கும் மாற்ற வேண்டாமாம். ஆயுசு என்றால் யாருடையது, ஃபில்டருடையதா எஞ்சினுடையதா என்று இவன் கேட்கவில்லை.

நமக்கு ஓட்டம் எங்கே? காரணம்பேட்டைப் பக்கம். ஹாலோ பிளாக் லோடு. முன்னால் போகிற டிப்பர் தார்ப்பாய் போடாமல் எம்-சாண்டைத் தூவிக்கொண்டே போவான், பின்னால் நாம் குடித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டரை லிட்டர் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடினால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாமலே நிமிடத்துக்கு 2,500 லிட்டர் காற்று உள்ளே போகும். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். அத்தனையும் கல்தூள் கலந்த காற்று. டர்போவின் சக்கரமோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் கல்தூள் பட்டால் இறக்கை தேயும். அதைத் தாண்டிப் போவது பிஸ்டன் ஓடுகிற லைனரையும் பிஸ்டனில் மாட்டிய ரிங்கையும் அரைக்கும். அப்புறம் எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும், புகை தள்ளும். அதற்கும் இதே கடைக்காரன் ஏதாவது ஒரு டப்பா வைத்திருப்பான்.

"பிக்கப் ஏறும்", அதாவது வண்டி சட்டென்று வேகம் எடுக்கும் என்பதுதான் விற்கிற மந்திரம். ஐயா, இது டீசல். மிதிக்க மிதிக்கக் கூடுவது டீசல்தான். ஒரு கிலோ டீசல் எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று போதும். டீசல் எஞ்சின் எப்போதுமே அதற்கு மேல்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. டீசல் அளவு அப்படியே இருக்கும்போது மிச்சக் காற்றை வாங்கி யார் தலையில் கொட்டுவது? அதிலும் பழைய டப்பா குழாய் வழியாக வெளிக்காற்றை இழுத்தது. இந்தக் கூம்போ எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் சூட்டையே உறிஞ்சுகிறது. 30 டிகிரிக் காற்று 60 டிகிரிக்குப் போனால் அதன் அடர்த்தி ஒன்பது சதவீதம் போல இறங்கும். பிக்கப் ஏறுமாம்!

ஃபில்டருக்குப் பின்னால் வருகிற ஓஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். சாம்பல் நிறத்தில் பசை. இரண்டு விரலால் தேய்த்தால் நறநறவென்கிறது. அந்த விரலைத் துடைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"இது ஃபில்டர் எண்ணெய்ங்ண்ணா."

"எண்ணெய் நறநறங்குமா?"

அவனும் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். "லைட்டா" என்றான். லைட்டாவாம்! "செட் ஆகிற வரைக்கும் அப்படித்தாங்ண்ணா." எது செட் ஆகணும், பிஸ்டனா?

உடனே ஒரு ஸ்பிரேயை எடுத்தான். "எண்ணெய் பத்தல, அதான் தூசி தாண்டுது." சரி என்று, எஞ்சின் லைட் எரிவதைக் காட்டினேன். எஞ்சின் கோளாறைப் படிக்கிற ஓபிடி கருவியை மாட்டிப் பார்த்த கடைப் பையன், காற்று அளக்கிற சென்சாரில் எண்ணெய் படிந்திருக்கிறது என்றான். "எண்ணெய் அதிகமாப் போயிருச்சுங்ண்ணா." இரண்டு பேரும் ஒரே கல்லாவுக்கு முன்னால் நிற்கிறார்கள், இடையில் ஒரு முழம் தூரம்கூட இல்லை. ஒரே ஃபில்டரில், ஒரே நேரத்தில், எண்ணெய் பத்தவும் இல்லை, அதிகமாகவும் போய்விட்டது. அவன் ஸ்பிரேயைக் கையில் பிடித்தபடி இவனைப் பார்க்கிறான், இவன் கருவியைப் பிடித்தபடி அவனைப் பார்க்கிறான். நான் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், அம்பயர் மாதிரி.

நடுவில் மச்சினன்: "ஆனா சவுண்ட் கேட்டீங்களா மாமா?" கேட்டேன் மாப்ள. டர்போ விசிலடிக்கிறது. விசிலுக்கு எவனாவது லோடு வாடகை தருவானா?

"பழைய டப்பாவைக் கொடு, நானே மாட்டிக்கிறேன்" என்றேன். காயலான் கடைக்குப் போயிருச்சாம். புது டப்பா, புது பேப்பர் ஃபில்டர், சென்சார் சுத்தம் பண்ணுகிற ஸ்பிரே, கூலி. கூம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், "எண்ணெய் பட்ட பொருள்" என்று. எண்ணெய் தடவி விற்றவனே சொல்கிறான்.

பில்லைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசி வரியில் "வேஸ்ட் துணி, ரூ. 10". நான் விரல் துடைத்ததற்கு! திருப்பூரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் குவிகிற ஊரில், ஒரு பனியன் துண்டுக்குப் பத்து ரூபாயாம். அதுவும் துடைத்து முடித்ததும் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டான்.