மீனவன்னு பேரு வச்சது கரையில நின்னவன்தான்

கொஞ்சம் நீளமா போகும், பொறுமை இருக்கறவங்க படிங்க.

நெல்லு விளைய வைக்கிறவர நாம நெல்லவன்னு சொல்றதில்ல, உழவன்னு சொல்றோம். துணி நெய்யுறவர் நெசவாளர். ரெண்டுமே செய்யுற வேலைய வச்சு வந்த பேரு. ஆனா உசிர கையில புடிச்சுக்கிட்டு கடலுக்குள்ள போறவருக்கு மட்டும் கூடையில கொண்டாந்து கொட்டுற சரக்க வச்சு பேரு, மீனவன். பூக்காரர், பால்காரர்னு விக்கிறவங்களுக்கு சரக்க வச்சு பேரு வைக்கிறது சரி, அவங்கள நாம பாக்கறதே விக்கும்போதுதான். கடலுக்குப் போறவரையும் நாம அப்படித்தான் பாத்திருக்கோம்னு தோணுது, மீனு ஏலத்துக்கு வந்தப்புறம் மட்டும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பழைய இலக்கியத்துல மீனவன்னா பாண்டியன். கொடியில மீன் இருக்கறதால வந்த பேரு. கலிங்கத்துப்பரணியில மீனவர்னு வந்தா வலையோட யாரும் வரல, பாண்டியர் வர்றாங்கன்னு அர்த்தம். அப்போ கடல்ல தொழில் செஞ்சவங்களுக்கு என்ன பேருன்னா பரதவர், நுளையர், திமிலர். திமில்னா படகு, படகுல போறவர் திமிலர், எவ்ளோ நேரா இருக்கு பாருங்க. மதுரைக்காஞ்சியில நெடுஞ்செழியனப் புகழும்போது "தென்பரதவர் போரேறே"ன்னு வருது. தென்கடற்கரை ஆளுங்கள அடக்கினான்ங்கறதே ஒரு ராஜாவுக்குப் பெருமையா சொல்லப்பட்டிருக்குன்னா அவங்க எப்பேர்ப்பட்ட ஆளுங்களா இருந்திருக்கணும்.

அதுக்காக சங்க காலம் பொற்காலம்னு கிளம்பிடாதீங்க, அங்கயும் மேல கீழ உண்டு. காதலிக்கிற தலைவனுக்கு சேர்ப்பன், துறைவன், கொண்கன், புலம்பன்னு அழகழகா பேரு, துறைவன்னா துறைக்கு உரியவன். சுறாவ அறுத்துக் காயப்போடுற குடும்பம் மட்டும் பரதவர். நற்றிணை 45ஆம் பாட்டப் பாருங்க, தேர்ல வந்து இறங்குறான் ஒரு பணக்காரப் பையன், அவன் விரும்புற பொண்ணோட தோழி அவன்கிட்ட பேசுறா. இவ கடல் கலங்க உள்ள போயி மீன் புடிக்கிற பரதவர் மக, நீ தேர் வச்சிருக்கற வீட்டுப் புள்ள, சுறாக் கருவாடு காயுற இடத்துல பறவைய ஓட்டிக்கிட்டு இருக்கற எங்களுக்கு அழகு என்னத்துக்கு, எங்க மேல "புலவு நாறுதும்", தள்ளியே நில்லுன்னு சொல்லிட்டு, எங்க சின்ன வாழ்க்கை உங்க வாழ்க்கை மாதிரி இல்லதான், ஆனா எங்களுக்குள்ளயும் செம்மலோர், அதாவது மதிப்பான ஆளுங்க, இருக்காங்கன்னு முடிக்கிறா. நாத்தம்னு நீ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன் போடாங்கற திமிரு அது. இன்னிக்கும் கூச்சல் போட்டா "மீன் மார்க்கெட்டா இது"ன்னு கேக்கறோம்ல, அந்த ஏளனத்துக்கு அப்பவே பதில் குடுத்துட்டா.

சரி, மீனவன்ங்கற சொல்லுல என்ன குறையுதுன்னு கேப்பீங்க. முழுசா கடலே குறையுது. கரையில தெரியுற மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி வச்சுப் பாத்து, அதே மாதிரி பக்கவாட்டுல இன்னொரு ஜோடி அடையாளத்தையும் புடிச்சு, ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துல தண்ணிக்கடியில பாறை இருக்குன்னு ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சு வச்சிருந்தாங்க. காத்துக்கு வாடை, கொண்டல், கச்சான், சோளகம்னு திசைக்கு ஒரு பேரு, கடலுக்குள்ள ஓடுற நீரோட்டத்துக்கு நீவாடுன்னு தனிப் பேரு. கன்னியாகுமரி பக்கம் தூத்தூர் ஆளுங்க சுறா தேடி ஆழ்கடல்ல வாரக்கணக்குல கிடப்பாங்க. 2015 வெள்ளத்துல சென்னையில படகு கொண்டாந்து ஜனங்கள வெளிய எடுத்தாங்களே, அதுல மீனுக்கு என்ன வேலை? படகுக்கும் தண்ணிக்கும் பழகின கைதான் அங்க உதவுச்சு.

ஆனா அதே கடல்ல சரக்குக் கப்பல்ல போறவர் மாலுமி ஆயிடறார். அரபியில இருந்து வந்த சொல்லு, கேக்கவே கெத்தா இருக்கும். ஃபைபர் படகுல போறவருக்கு அந்த மரியாத கிடையாது, ரெண்டு பேருக்கும் ஒரே அலைதான், இன்னும் சொன்னா சின்னப் படகுக்குத்தான் அலை பெருசு.

பரதவர்ங்கற பேரையே திரும்பக் கொண்டாந்துடலாமேன்னா அது நடக்காது, இப்ப அது ஒரு சமூகத்தோட பேரு. முக்குவர், பட்டினவர்னு கரையில எத்தனையோ பேரு இருக்காங்க, முஸ்லிம்களும் இருக்காங்க. அந்த விதத்துல சாதி தெரியாம எல்லாரையும் சேத்து நிறுத்தின மீனவர்ங்கற சொல்லு ஒரு நல்லதும் செஞ்சிருக்கு, அத மறுக்கல.

எனக்குப் புடிச்சது கடலோடி. அதுல ஆம்பள விகுதியே இல்ல, மன்னார் வளைகுடாவுல கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்கி கடல்பாசி எடுக்கற பொம்பளைங்களும் அதுக்குள்ள வந்துடுவாங்க. மீனவன்னு சொன்னா அவங்க வெளிய நிக்கணும், இல்லன்னா "மீனவப் பெண்"னு ஒட்டு போட்டு சேக்கணும்.

கரையில யாருங்க கடலோடின்னு பேசிக்கறாங்கன்னு கேக்கத்தான் போறீங்க. நியாயம். அங்க பேச்சு "தொழிலுக்குப் போறோம்", "கடலுக்குப் போயிருக்காரு", அவ்ளோதான். அந்த வழக்குலயே ஒரு பேரு இருக்கு, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழ்ல கடற்றொழிலாளர்னு எழுதறாங்க, அரசாங்கத்துலயே கடற்றொழில் அமைச்சுன்னுதான் போர்டு. இங்க நமக்கு மீன்வளத்துறை. கடலோடி ரொம்ப கவிதையா இருக்குன்னு நினைக்கறவங்க கடற்றொழிலாளர்னே எழுதுங்க, எனக்கு ரெண்டும் ஓகே.