லித்தியம் உப்பை விட்டுவிட்டீர்களே

கொழுப்பு அமில உப்புகள், அதாவது சோப்புகள் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. பன்றிக் கொழுப்பு சோப்பை 1811-இல் ஆராயத் தொடங்கிய பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரலையும் மறக்கவில்லை (மனிதர் 102 வயது வாழ்ந்தவர்!). ஆனால் சோடியம், பொட்டாசியம் சோப்போடு முடித்துவிட்டீர்கள். வண்டி பேரிங்கில் அடைக்கிற கிரீஸ் பெரும்பாலும் லித்தியம் உப்பால் கெட்டியாக்கிய எண்ணெய்தானே?

அந்த உப்புக்கு மூலம் ஆமணக்கு எண்ணெய். அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜன் ஏற்றினால் இரட்டைப் பிணைப்பு போய், எண்ணெய் மெழுகாக உறைந்துவிடும். அதை நீராற்பகுத்தால் (நீரால் பிளந்தால்) 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம். அப்புறம் லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்க்க, கிடைக்கும் உப்பு நுண்ணிய நார்களாகப் பின்னிக்கொண்டு மசகு எண்ணெயைப் பிடித்து வைக்கும். 12-ஆம் கார்பனில் உள்ள அந்த ஒரு ஹைட்ராக்சில் (OH) தொகுதிதான் நார்களை இறுக்குகிறது; சாதாரண ஸ்டியரிக் அமிலத்தில் அந்தப் பிடி வராது.

சோடியம் கிரீஸ் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும், பழைய கால்சியம் கிரீஸ் சூடு தாங்காது. லித்தியம் இரண்டையும் சமாளிக்கும். ஆமணக்கு உற்பத்தியில் இந்தியாதான் முதலிடம், அதிலும் குஜராத். இதற்கே தனிக் கட்டுரை போடலாம்.