கெட்டியான சீட்தான் நல்ல சீட்டா?

கோவை லேத் பட்டறை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: படகு இன்ஜினுக்கு வால்வு சீட் (வால்வு மூடும்போது வந்து உட்காரும் வளையம்) எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லதாம், எந்த வால்வுக்கும் ஸ்டெல்லைட் (கெட்டியான கோபால்ட்-குரோமியம் கலவை) சீட் போடலாமாம். பாதிதான் சரி.

படகு இன்ஜின் மணிக்கணக்கில் முழுச்சுமையில் ஓடும். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் சீட் வழியாகத்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கும். கனரக டீசலின் ஸ்டீல் வால்வுக்கு ஸ்டெல்லைட் பொருந்தும். பந்தயப் படகின் டைட்டானியம் வால்வுக்கோ அது எமன். வால்வு முகம் தேய்ந்து, கிளியரன்ஸ் (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து) குறைந்துகொண்டே போகும். டைட்டானியம் வால்வுக்குச் சூட்டைச் சட்டென்று கடத்தும் பெரிலியம் செம்புக் கலவைதான் வழக்கம்.

ஆனால் பம்ப்செட் இன்ஜினுக்குச் செய்வதுபோல பெரிலியம் சீட்டை வெறுமனே கிரைண்டிங் கல்லில் பிடித்துவிடாதீர்கள். பெரிலியம் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பெரிலியம் இல்லாத நிக்கல்-சிலிக்கான் செம்புக் கலவையும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் பட்டறைக்கு அதுவே தோது.